செல்வநாயகத்தார் வீட்டுக் கேக் பெட்டிகள்

செல்வநாயகத்தாரின்ர பெண்சாதி இலட்சுமி, மகளின்ர கலியாணக் கேக்குக்குப் பெட்டி செய்யச் சொல்லி வந்தது மல்லாவியில வேற ஆரின்ர படலைக்குமில்லை, அனிஸ்ரன்ர தாயின்ர படலைக்கு. அதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் நெஞ்சு பத்தும்.

நான் பக்கத்து வளவு. விமலேஸ்வரி எண்டு பேர், விமலா எண்டு கூப்பிடுவினம். எனக்கு வாய் கொஞ்சம் கூட, அதை முன்னமே சொல்லிப்போடுறன். எனக்கும் அனிஸ்ரன்ர தாய் புனிதமக்காவுக்கும் நடுவில ஒரு கிடுகு வேலி, அதிலயும் பாதியை மாடு திண்டுபோட்டுது. நாங்கள் கிளிநொச்சியில சண்டை வர ஓடி வந்தனாங்கள். அவை அதுக்கு முன்னமே, தொண்ணூறில, முல்லைத்தீவு டவுனை விட்டு வெளிக்கிட்டு, அங்க கொஞ்சம் இஞ்ச கொஞ்சம் எண்டு இருந்து, கடைசியா மல்லாவியில ஒரு கொட்டில் போட்டவை. வேதக்காரர். புருஷன் மரியநேசண்ணை கடற்கரைப் பக்கம் நிண்டு தொழில் செய்து, கிழமை முடியக் கருவாட்டுச் சிப்பத்தோட சைக்கிளில வருவார்.

புனிதமக்கா முந்தி முல்லைத்தீவில கேக் பெட்டி செய்யிறதில பேர் போனவா. கலியாணமோ புதுநன்மையோ, எந்த விசேஷமெண்டாலும் வாற சனத்துக்குக் கேக் துண்டைச் சும்மா கையில குடுக்கிறேல்ல. சின்னப் பெட்டியில வைச்சுக் குடுக்கவேணும், அவை வீட்டை கொண்டுபோய்த்தான் திறப்பினம். கேக்கு நல்லா வந்ததோ பிழைச்சதோ, சனம் முதல்ல பெட்டியைத்தான் பாத்துக் கதைக்கும். வன்னிக்குள்ள சாமான் வர அரசாங்கம் தடை போட்ட பிறகு கேக்குமில்லை, பெட்டியுமில்லை. சீனி எண்டா ஏதோ மருந்து மாதிரி. தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு, அதுவும் இல்லாட்டி வெறுந்தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இருந்த சனம் நாங்கள். அப்பிடியான நேரத்தில முந்நூறு பேருக்குக் கேக்கு அடிக்கிறதெண்டா அது செல்வநாயகத்தார் வீட்டில மட்டும்தான் நடக்கும்.

அவர் முரசுமோட்டையில கமம் செய்து, இடம்பெயர்ந்து வந்து, மல்லாவிச் சந்தையடியில கடை போட்டவர். சீனி, மண்ணெண்ணெய், சவுக்காரம், எது வேணுமெண்டாலும் அவரின்ர கடை வாசலில போய் நிக்கவேணும். அவரைப் பகைச்சா அடுப்புக்கு நெருப்புப்பெட்டியும் கிடையாது. எல்லாரும் அவரை முதலாளி எண்டுதான் கூப்பிடுறது.

இனி அனிஸ்ரன்ர கதையைச் சொல்லவேணும். அது நடந்து ரெண்டு மாரி போயிட்டுது. பொடியன் கொட்டிலுக்குக் கப்பு வெட்டக் காட்டுக்கை போனவன், புடையன் பாம்பு கடிச்சுப்போட்டுது. மழை எண்டா மழை, வானம் பொத்துக்கொண்டு ஊத்துது. என்ர மனுசன் யோகலிங்கம் பொடியனைச் சைக்கிள் பாரில இருத்தி உழக்க, புனிதமக்கா உரப்பையைத் தலையில கொழுவிக்கொண்டு பின்னால பொடியனைப் பிடிச்சபடி ஓடுறா. றோட்டெல்லாம் சேறு, சைக்கிள் உருளுதில்லை. அந்த நேரம் பின்னால செல்வநாயகத்தாரின்ர உழவு மிசின் வந்தது. ரெயிலர் நிறையச் சீனி மூட்டை, மேல படங்கு போட்டு இறுக்கிக் கட்டிக் கிடக்கு. முதலாளி மட்கார்டில குடையோட இருக்கிறார். இவை றோட்டுக்குக் குறுக்க நிண்டு மறிச்சிச்சினம். மனுசன் இறங்கக்கூட இல்லை. படங்கை அவிழ்த்தா சீனி நனைஞ்சுபோகும், பின்னால வேற வாகனம் வரும் எண்டு சொல்லிப்போட்டு, றைவரைப் பாத்து எடு எண்டவராம். பின்னால ஒரு வாகனமும் வரேல்லை. பொடியன் ஆஸ்பத்திரிக்குத் திரும்புற சந்திக்கு முன்னமே என்ர மனுசன்ர நெஞ்சில சாய்ஞ்சு போனான்.

மரியநேசண்ணை செத்தவீடு முடிய ஒருநாள் மீன் வெட்டுற கத்தியைச் சாரத்துக்கை செருகிக்கொண்டு கடைக்குப் போனவர். புனிதமக்கா பின்னால ஓடிப்போய், மற்றப் பிள்ளை ஆன்சலா ஒருத்தி இருக்கிறாள் எண்டு காலைக் கட்டிப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவா. காவல்துறைக்குப் போவமோ எண்டு என்ர மனுசன் கேட்டவர். வண்டியில ஏத்தாமல் விட்டதுக்கு எந்தச் சட்டத்தில பிடிக்கிறது எண்டு ஆரோ சிரிச்சாங்களாம். பேந்து ஆரும் கதைக்கேல்லை. செல்வநாயகத்தாருக்கு அந்த மழையில, உரப்பை போட்ட பொம்பிளையின்ர முகம் தெரியாது. அதுதான் எங்களுக்குப் பொறுக்கேலாமல் இருந்தது. மனுசன் தான் செய்தது இன்னதெண்டு தெரியாமலே நிம்மதியாச் சாப்பிட்டுப் படுத்தெழும்புது.

இப்ப இலட்சுமி வந்த கதைக்கு வாறன். ஆவணி மாசம், சோளகக் காத்து தூக்கி அடிக்குது. வளவெல்லாம் புழுதி. நான் வேலியால பாத்துக்கொண்டு நிக்கிறன், மனுசி குடையைப் பிடிச்சுக்கொண்டு வந்து புனிதமக்காவின்ர வீட்டு முன் மாலுக்கை கதிரையில இருந்தா. மகள் தாட்சாயினிக்குக் கலியாணம், மாப்பிள்ளை பகுதி கொழும்பு, மாப்பிள்ளையின்ர அக்கா உயிலங்குளச் சோதனைச்சாவடியால வந்து நிக்கிறா, நல்ல பெட்டி வேணுமாம், ஆரோ உங்களைச் சொன்னவை எண்டு கதை போகுது. குரலில ஒரு கெட்டதுமில்லை, பாவம், மனுசி தன்ர பாட்டுக்குச் சந்தோசமாக் கதைக்குது. கதைச்சுக்கொண்டிருக்கேக்கை அனிஸ்ரன்ர படத்தைக் கண்டுபோட்டா. அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில தொங்கினது.

"மகனோ? இயக்கத்திலையோ?" எண்டு கேட்டா.

"இல்லை. பாம்பு கடிச்சு."

"ஐயோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேல்லையோ?"

எனக்கு வேலியைப் பிச்செறிஞ்சுபோட்டு உள்ளுக்குப் போகவேணும் போல கிடந்தது. புனிதமக்கா ஒண்டும் காட்டேல்லை. அந்த மனுசியின்ர கையைப் பாத்தபடி, "கொண்டு போனனாங்கள்" எண்டா. அதோட கதையைப் பெட்டிக்குத் திருப்பி, என்ன அளவு, எப்ப வேணும் எண்டு கேக்கத் தொடங்கினா.

மனுசி போக நான் பாஞ்சுகொண்டு போனன். உங்களுக்கென்ன விசரோ, அவன்ர வீட்டுக் கலியாணத்துக்கு நீங்கள் பெட்டி பின்னுறதோ எண்டு பேசின பேச்சில எனக்கே மூச்சு வாங்கிச்சுது. அவா கதிரையைத் தூக்கி உள்ளுக்கு வைச்சுப்போட்டு வந்து, அவன்ர வீட்டுக்குள்ள ஊருக்கு முன்னால போய் நிக்கிறதுக்கு எனக்கு வேற எந்த வழியாலயும் அழைப்பு வராது விமலா எண்டா. அப்பதான் எனக்கு ஓடி வெளிச்சுது.

எனக்குச் சந்தோசம் வந்துட்டுது. பொய் சொல்லமாட்டன். உடனை நான் கேக்குக்குள்ள என்னென்ன போடலாமெண்டு சொல்லத் தொடங்கிட்டன். ஆமணக்கு விதையை அரைச்சுக் கலந்தா கலியாண வீடு முழுக்கப் பத்தைக்குள்ள ஓடும். அலரி விதையெண்டா கதை முடிஞ்சுது. இல்லாட்டி சவக்காலை மண்ணை எடுத்துப் பெட்டிக்குப் பெட்டி ஒரு நுள்ளு. மண்ணள்ளித் தூத்தினதா இருக்கும், முந்நூறு வீட்டுக்கும் போய்ச்சேரும். அவா எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "சாப்பாட்டில கை வைக்கமாட்டன். தாலி கட்ட முன்னமும் ஒண்டும் செய்யமாட்டன். அந்தப் பெட்டை எனக்கொண்டும் செய்யேல்லை" எண்டு சொல்லிப்போட்டா. அப்ப என்னதான் செய்யப்போறியள் எண்டு கேட்டன்.

முதல்ல பூநகரிப் பக்கத்தால சார்வோலை எடுப்பிச்சவா. சார்வோலை எண்டிறது பனையின்ர விரியாத குருத்து, வெள்ளையா இருக்கும். ஈர்க்கை நீக்கி, விரிச்சுக் கட்டி, பகலில வெயிலிலயும் இரவில பனியிலயும் போட்டு எடுத்தா இன்னும் வெளுக்கும். சோளகத்துக்கு ஓலை பறந்து பறந்து போக, நானும் ஆன்சலாவும் வளவெல்லாம் கலைச்சுக் கலைச்சுப் பிடிச்சனாங்கள். பிறகு ஆணி அடிச்ச பலகையில இழுத்து நூல் மாதிரி வார்ந்து, போத்தில் அடியால அழுத்தி மினுக்குறது. விரல் நுனியெல்லாம் கீறிப் புண்ணாப்போகும். கறிக்கு உப்புப் போடேக்கை எரிச்சலில உயிர் போகும்.

இலட்சுமிக்குப் பிடிச்சது வேற. சிவப்பு மினுங்கல் தாள், பொன் நிற றிபன், மேல ஒரு சோடி மயில். அவா சொன்னதை மறுக்காமல் புனிதமக்கா அந்த மாதிரியில ஒரு பெட்டியும், ஓலையில கத்தரிப்பூ நிறமும் பச்சையும் சாயம் போட்டுப் பின்னி ஒரு பெட்டியும், சாயமே போடாமல் மூடியில சரிகை வைச்சு ஒரு பெட்டியும் செய்தவா. மூண்டையும் கொண்டு முதலாளி வீட்டை போகேக்கை நான்தான் கூடப் போனனான், பாக்கவேணுமெண்டு.

மாப்பிள்ளையின்ர அக்கா, அந்தக் கொழும்புக்காரி, நல்ல வடிவான மனுசி, கொஞ்சம் எடுப்பும்தான். மயில் பெட்டியைக் கண்டு, தீபாவளி வெடிப் பெட்டி மாதிரிக் கிடக்கு எண்டா. இலட்சுமிக்கு முகம் தொங்கிப்போச்சு. சாயப் பெட்டி சந்தையில வெத்திலை போடுறதாம். மூண்டாவதைக் கையில எடுத்து நெடுகப் பிரட்டிப் பாத்தா. தனக்குச் சொல்லத் தெரியேல்லையாம், ஆனா கொழும்பில இப்ப விலை கூடின சாமானெல்லாம் வெறும் பெட்டியிலதான் வருதாம், கண்டவுடனை ஒண்டும் இல்லாத மாதிரி இருக்கவேணும், கையில எடுத்தா வைக்க மனம் வரக்கூடாதாம். இலட்சுமி என்னைப் பாத்தா, நான் கூரையைப் பாத்தன். புனிதமக்கா மட்டும் அந்தப் பெட்டியைத் திருப்பி வாங்கி, சரிகையைப் பல்லால கடிச்சு இழுத்துக் கழட்டிப்போட்டு மேசையில வைச்சா.

"இன்னும் எடுக்கலாம்" எண்டா கொழும்புக்காரி.

"ஓம். எடுக்கிறன்" எண்டா இவா.

அடுத்த கிழமை முழுக்க எடுக்கிறதுதான் வேலை. மூடியின்ர கரையில போட்ட பின்னலை எடுத்தா. பிடியை எடுத்தா. தனி மூடியையே எடுத்துப்போட்டு, பெட்டியின்ர ஒரு பக்க ஓலையை நீள விட்டு மடிச்சுச் செருகுற மாதிரிச் செய்தா. கேக்கின்ர எண்ணெய் ஊறி ஓலை மஞ்சளாகாமலிருக்க உள்ளுக்கு ஏதும் வேணும். வாட்டின வாழையிலை வைச்சுப் பாத்தா, ரெண்டாம் நாள் கறை பிடிச்சிட்டுது. பிறகு ஆன்சலா கோயிலில எரிஞ்சு மிஞ்சின மெழுகுதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவர, அதை வெள்ளைத் தாளில தேய்ச்சு, சூடான செம்பின்ர அடியால அழுத்தி, உள்ளுக்கு விரிச்சா. கறை நிண்டுது. இப்ப கட்டுறதுக்கு என்ன? றிபன் வேண்டாம், சணல் வேண்டாம், நூல் வேண்டாம். அவாவுக்கு வேண்டியது தங்கூசி, வலைக்கும் தூண்டிலுக்கும் போடுற கண்ணாடி மாதிரி நூல். கட்டினது தெரியாது, ஆனா கட்டு நிக்கும்.

தங்கூசி மரியநேசண்ணையிட்டத்தான் இருந்தது. சனிக்கிழமை அந்த மனுசன் வந்து, மாலுக்கை குவிஞ்சு கிடந்த ஓலையைக் கண்டு, ஆருக்கெண்டு கேட்டார். ஆன்சலா சொல்லிப்போட்டாள். அண்டைக்கு அந்த வீட்டில எழும்பின சத்தம் சந்தைக்குக் கேட்டிருக்கும். என்ர பிள்ளையைக் கொண்டவன்ர சீனிக்கு என்ர தொழில் நூலோ எண்டு மனுசன் கத்துறார். கருவாட்டுச் சிப்பத்தைத் தூக்கி முத்தத்தில எறிஞ்சார், நாய் வந்து இழுக்குது. புனிதமக்கா அதையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மனுசனைக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னவா. நான் வேலியோட ஒட்டிக்கொண்டு நிண்டும் ஒரு சொல்லும் விளங்கேல்லை, காத்து மற்றப் பக்கத்தால அடிச்சுது. விடியப் பாத்தா மரியநேசண்ணை மாலுக்கை சப்பாணி கட்டி இருந்து, தங்கூசியை அளவா வெட்டி வெட்டிப் போடுறார். வலை முடிச்சை எப்பிடிச் சின்னதாப் போடுறதெண்டு மகளுக்குக் காட்டுறார். முகத்தைப் பாத்தா ஏதோ பெரிய மீன் வலையில பட்ட ஆள் மாதிரி இருந்தார்.

கடைசியா வந்த பெட்டி உள்ளங்கை அளவுதான். வெள்ளை ஓலை, நேரான பின்னல், ஒரு மடிப்பு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டு, மூலையில மிளகளவு முடிச்சு. பூவில்லை, பேரில்லை, நிறமில்லை. அதைப் பாத்தவுடனை எனக்கு இதென்ன செய்து முடியாத பெட்டி எண்டுதான் தோணினது. பிறகு கையில வைச்சுக்கொண்டு அரைமணித்தியாலம் கதைச்சுக்கொண்டிருந்தனான், கீழ வைக்கேல்லை. கொழும்புக்காரி கண்டதும் இதில இனி எடுக்க ஒண்டுமில்லை எண்டா. செல்வநாயகத்தார் கடையில இருந்து வந்து, பெட்டியை வாங்கி மணந்து பாத்து, நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு எண்டு புனிதமக்காவின்ர முகத்தையே பாத்துச் சிரிச்சார். அப்பிடிக் கிட்ட நிண்டு பாத்தும் மனுசனுக்கு ஒண்டும் தெரியேல்லை. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டனான்.

பேந்து வேலை எண்டா வேலை. நானும் பின்னினனான், என்ர மனுசனும் ஓலை வார்ந்தவர். எதுக்கெண்டு கேட்டால், அவன்ர வீட்டில நாங்கள் ஒரு நல்ல காரியம் செய்யிறம் எண்டு சொல்லிச் சிரிப்பார். அவருக்கும் உள்ளுக்குள்ள கிடந்து கொதிச்சதுதானே. அவரின்ர நெஞ்சில சாய்ஞ்ச தலை அது.

கலியாணத்துக்கு முதல்நாள் முதலாளி வீட்டுக் குசினிக்குப் பின்னால இருந்து பெட்டிக்குள்ள கேக்கு வைச்சம். தகர அடுப்பில மேலயும் கீழயும் தணல் போட்டு வேகவைச்ச கேக்கு. கொழும்பால வந்த பிளம்ஸ், பூசினி அல்வா, கருவா, ஏலம். சீனி அவரின்ர சீனி. அந்த வாசத்துக்கு எனக்கு வாயூறிச்சுது, மறைக்கத் தேவையில்லை. எத்தினை வருசத்துக்குப் பிறகு மணந்த மணம். புனிதமக்கா ஒரு துரும்பும் வாயில வைக்கேல்லை. துண்டை எடுத்துத் தாளில வைச்சு, மடிச்சு, செருகி, முடிச்சுப் போட்டு, அடுத்ததை எடுப்பா. நான் ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் களவாப் பாத்தன், மண்ணேதும் போடுறாவோ எண்டு. ஒண்டுமில்லை, வெறும் கேக்குத்தான். எனக்கு உள்ளுக்குள்ள ஏமாற்றமாப் போச்சு. இந்த மனுசிக்கு இரக்கம் வந்து மனம் மாறிட்டுதாக்கும் எண்டு நினைச்சு, திரும்பி வரேக்கை ஒரு கதையும் கதைக்காமல் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு வந்தனான்.

கலியாணம் அவையின்ர வளவிலதான். படங்கு கட்டிப் பந்தல், வாழை, தோரணம், வாடகைக் கதிரை வரிசை வரிசையா. அண்டைக்குச் சீனி மூட்டைக்கு மேல கிடந்த அதே படங்கோ எண்டு அண்ணாந்து பாத்தன். மல்லாவி, துணுக்காய் ஆக்கள் முழுக்க வந்திட்டினம். முதலாளி சொல்லி ஆர் வராமல் விடுறது? காலமை தாலி ஏறிச்சுது, பந்தி முடிஞ்சுது. பின்னேரம் கேக்கு வெட்டின பிறகு, பெட்டியைத் தட்டங்களில வைச்சு ஒவ்வொரு கதிரையாக் குடுத்துக்கொண்டு போச்சினம். சனம் பெட்டியைத் தூக்கித் தூக்கிப் பாக்குது. முடிச்சு எங்க இருக்கெண்டு தேடுது. ஒருத்தரும் திறக்கேல்லை, மடியில வைச்சுக்கொண்டிருக்குதுகள்.

புனிதமக்கா கடைசி வரிசையில என்னோட இருந்தவா. கறுப்புக் கரை போட்ட வெள்ளைச் சீலை. மடியில ஒரு பெட்டி, மற்றதுகளைவிடக் கொஞ்சம் பெரிசு, நீளம். அதே ஓலை, அதே மடிப்பு, அதே முடிச்சு. அதை எப்ப செய்தவா எண்டு எனக்குத் தெரியாது.

செல்வநாயகத்தார் பட்டு வேட்டியோட மணவறைக்கு முன்னால வந்து, பற்றரியில வேலை செய்யிற மைக்கைப் பிடிச்சு வந்த ஆக்களுக்கு நன்றி சொன்னார். கொழும்புக்காரி போய்க் காதுக்குள்ள ஏதோ சொல்ல, ஓமோம் எண்டு தலையாட்டிப்போட்டு, எங்கட சம்பந்தி பகுதி கொழும்பிலயும் இப்பிடி ஒரு பெட்டி காணேல்லை எண்டு சொல்லுகினம், அதைச் செய்த அம்மா இஞ்ச வரவேணும், ஒரு சீலை குடுத்துக் கௌரவிக்கப் போறன் எண்டார். சனம் திரும்பிப் பாத்துது. புனிதமக்கா எழும்பினா.

சீலைத் தட்டத்தை நீட்டினார். அவா அதைத் தொடேல்லை. தன்ர பெட்டியைக் குடுத்து, இது உங்களுக்கெண்டு தனியச் செய்தது, எல்லாருக்கும் முன்னால திறவுங்கோ எண்டா. மனுசன் சிரிச்சுக்கொண்டு தட்டத்தை ஆரிட்டயோ குடுத்துப்போட்டு, ரெண்டு கையாலயும் முடிச்சைத் தேடினார். அவர் திறக்கேக்கை நல்ல வார்த்தை ஏதும் சொல்லுவார் எண்டு கொழும்புக்காரி மைக்கை அவரின்ர வாய்க்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

உள்ளுக்கு மெழுகுத் தாளில ஒரு செருப்பு. ஒற்றை. நீல வார் போட்ட றப்பர் செருப்பு, கழுவித் துடைச்சது.

கலியாண வீட்டில, நிறைஞ்ச சபையில செருப்பு. முன்வரிசைக்குள்ள இருந்த ஆம்பிளையள் கதிரையை விட்டு எழும்பிட்டினம். முதலாளியின்ர முகம் கறுத்துப்போச்சு. என்ர வீட்டுக்கு வந்து எனக்குச் செருப்பு நீட்டுறியோ எண்டு அவர் கேட்டது மைக்கில விழுந்து வளவெல்லாம் கேட்டுது. புனிதமக்கா அசையேல்லை. அவாவின்ர குரலும் மைக்கில விழுந்துது, சாதாரணமாக் கடையில சாமான் கேக்கிற குரல்தான்.

"மற்றச் செருப்பு உங்கட மிசினோட போயிட்டுது. நாங்கள் பிள்ளையின்ர காலைத் தூக்கி ரெயிலர் தட்டில வைக்கேக்கைதான் நீங்கள் எடு எண்டு சொன்னனீங்கள். பாம்பு கடிச்ச பிள்ளை. சீனி நனையுமெண்டு சொன்னனீங்கள்."

மணவறைக்குப் பக்கத்தில நிண்ட இலட்சுமி அப்பிடியே நிலத்தில குந்திட்டா. அவாவுக்கு விளங்கிட்டுது.

செல்வநாயகத்தார் செருப்பைப் பாத்தார், புனிதமக்காவைப் பாத்தார், திரும்பச் செருப்பைப் பாத்தார். நெத்தியைச் சுருக்கினார். அவர் கோவத்தில கேக்கேல்லை, அதை நான் எந்தக் கோயிலிலயும் சத்தியம் பண்ணிச் சொல்லுவன். மனுசன் உண்மையா யோசிச்சுப் பாத்துப்போட்டு, பிடிபடாமல்தான் கேட்டவர்.

"எந்தப் பொடியன்?"

அந்த ரெண்டு சொல்லும் ஒலிபெருக்கிக் குழாயால போய்ப் படலை தாண்டி றோட்டுக்கும் கேட்டுது. அப்ப குசினிப் பக்கத்தால, சமையலுக்கு வந்திருந்த வடிவம்மா, கையில அகப்பையோட வெளிய வந்தா. துணுக்காய்ப் பக்கத்து மனுசி, தானுண்டு தன்ர வேலையுண்டு எண்டு இருக்கிற ஆள்.

"பொடியனைத் தெரியாட்டி விடுங்கோ முதலாளி. வயித்துக் குத்தோட றோட்டில கிடந்த என்ர பெட்டையை ஞாபகமிருக்கோ? அண்டைக்கு மண்ணெண்ணெய் ஏத்திக் கிடக்கு, இடமில்லை எண்டு சொன்னனீங்கள்."

கொழும்புக்காரி மைக்கைக் கீழ இறக்கினா. இறக்கி என்ன, கேக்க வேண்டியது கேட்டுட்டுது. தாட்சாயினி மணவறையில இருந்து தகப்பனையே பாத்துக்கொண்டிருந்தாள். பாவம் பெட்டை, எனக்கு அவளில இரக்கம்தான். ஆனா அவள் அதைப் பாக்கத்தான் வேணும்.

முதல்ல எழும்பினது ஒரு வயசுபோன கமக்காரன். மனுசன் மடியில கிடந்த பெட்டியை எடுத்து, தான் இருந்த கதிரையில வைச்சுப்போட்டு, சால்வையை உதறித் தோளில போட்டுக்கொண்டு படலையால போனார். பிறகு ரெண்டு பொம்பிளையள். பிறகு வரிசை வரிசையாச் சனம். ஒருத்தரும் கத்தேல்லை, ஒருத்தரும் அவரைத் திட்டேல்லை. நாளைக்குச் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அந்தக் கடை வாசலில போய் நிக்கப்போற சனம்தான். ஆனா அண்டைக்கு ஒருத்தரும் அந்தப் பெட்டியை வீட்டை கொண்டுபோகேல்லை. வருசக்கணக்கா இனிப்புக் காணாத சனம். சின்னப் பிள்ளையள் அழ அழக் கையில இருந்ததைப் பறிச்சுக் கதிரையில வைச்சுப்போட்டுத் தாய்மார் இழுத்துக்கொண்டு போச்சினம். நானும் வைச்சனான். வாசம் மூக்குக்குள்ள ஏறுது, வைச்சுப்போட்டுத்தான் வந்தனான்.

படலையடியில நிண்டு திரும்பிப் பாத்தன். பந்தல் முழுக்க வெறுங்கதிரை, கதிரைக்குக் கதிரை ஒரு வெள்ளைப் பெட்டி. செல்வநாயகத்தார் செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு நடுவில நிக்கிறார். அதை எங்க வைக்கிறதெண்டு அவருக்குத் தெரியேல்லை. மாப்பிள்ளை பகுதி தங்கட வாகனத்துக்குள்ள சாமான் ஏத்தத் தொடங்கிட்டினம்.

வீட்டை வந்து புனிதமக்கா சீலையை மாத்திப்போட்டு அடுப்பை மூட்டினா. அனிஸ்ரன் போன நாளில இருந்து அந்த மனுசி ஏதோ மருந்து குடிக்கிற மாதிரித்தான் சாப்பிடுறது, ரெண்டு வாய் வைச்சுப்போட்டுக் கையைக் கழுவிவிடுவா. அண்டைக்குப் புட்டு அவிச்சு, பாரைக் கருவாட்டைப் புளி விட்டுக் குழம்பு வைச்சு, மரியநேசண்ணைக்கும் ஆன்சலாவுக்கும் எங்களுக்கும் போட்டுத் தந்துபோட்டு, தானும் ஒரு கோப்பை நிறையப் போட்டுக்கொண்டு இருந்தா. மரியநேசண்ணை இடைக்கிடை நிமிந்து மனுசியைப் பாத்துப்போட்டுத் திரும்பச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே. கலியாண வீட்டைக் கெடுத்தது பாவமெண்டு ஆரும் சொன்னா என்னக்கா செய்வியள் எண்டு கேட்டன்.

"ஞாயிற்றுக்கிழமை சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவன் விமலா" எண்டா. "எல்லாத்தையும் சொல்லுவன். இதைச் சொல்லமாட்டன்."

சொல்லிப்போட்டு இன்னும் கொஞ்சம் புட்டை அள்ளிப்போட்டு, குழம்பை ஊத்திக் குழைச்சா.